தீச்செங்கல் அடுப்பு

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகி எருமப்பட்டியிலிருந்து சேலத்துப் பக்கம் வந்தேன். என் கணவர் ஆலைகளுக்கு உலை கட்டும் கொத்தனார். வடக்கே ஓர் இரும்பாலையில் வேலைக்குக் கிளம்பும் முன், விரிசல் விட்டிருந்த எங்கள் மண்ணடுப்பை இடித்துவிட்டு, உலைக்குள் சூடு தாங்கப் பதிக்கும் தீச்செங்கல்லில் புதிதாகக் கட்டினார். கற்கள் சந்தன நிறத்தில், கையில் எடுத்தால் கனமாக இருந்தன.

"சிமெண்ட் போடலீங்களா?" என்று கேட்டேன்.

"சிமெண்ட் சூட்டுல உதுந்துரும் புள்ள. கல்லு செஞ்ச மண்ணுலயேதான் இதப் பூசோணும்."

அந்த அடுப்பு மெதுவாகத்தான் சூடேறும். ஏறிவிட்டால் லேசில் ஆறாது. அவர் போன பிறகு, சமையல் முடிந்து தணலை அணைத்ததும் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன்.

"ஏஞ்சாமி, சோறு உங்காம அங்கயே உக்காந்திருக்கற?" என்பார் மாமியார்.

"குளுருதுங்க அத்தை."

மார்கழியில் சொன்னதையே பங்குனியிலும் சொன்னேன். ஒருநாள் மாமியார் எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார். இருவரும் என் கணவரைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆடி நோன்புக்கு அவர் வந்தார். வந்ததும் அடுப்பைத் தடவிப் பார்த்து, "ஒரு கீறல்கூட இல்ல பாரு" என்று பெருமைப்பட்டார். எனக்கோ, எங்காவது விரிசல் விட்டிருக்கக் கூடாதா என்றிருந்தது. பூசி, காயவைத்துப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருந்திருப்பார். நோன்பு முடிந்ததும் ரயிலேறிவிட்டார்.