மழைக்குப் பிடித்த வெள்ளைக் குடை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோலா பிலா பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் என் அண்ணன் மகனின் கல்யாண விருந்து. கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. மாப்பிள்ளையின் அத்தை என்பதால் அன்று என் அதிகாரம் கொடிகட்டிப் பறந்தது. பந்தி போடுவது முதல் கார், வேன் என்று வரும் காடிகளை நிறுத்துவது வரை எல்லாவற்றிலும் என் தலையீடுதான்.

பெண்ணின் அம்மா மந்தினிலிருந்து வந்து இறங்கும் நேரம் பார்த்து மழை கொட்டியது. வாசலில் ஒரு குடையும் இல்லை. மண்டபத்து மூலையில் வெள்ளையாக ஒன்று சாய்ந்திருந்தது. கல்யாணத்துக்கென்று யாரோ ஸ்டைலாக வாங்கிய குடை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். பிடி இல்லை, வெறும் கம்பிதான் இருந்தது. துணி வழியாகத் தண்ணீர் வேறு சொட்டியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்! சம்பந்தியம்மாவை அரைகுறையாக நனைத்துக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் காற்று குடையைத் திருப்பிவிட்டது. இரண்டு கம்பிகள் முறிந்தன. சத்தம் போடாமல் மடக்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

குடும்பப் படம் எடுக்க எல்லாரும் மேடையில் நின்றோம். படம் எடுக்க லோபாக்கிலிருந்து வந்திருந்த பெண், விளக்கின் முன்னால் மாட்டுவதற்கு அந்தக் குடையை விரித்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யாமல் விழுவதற்கான குடையாம் அது. ஒரு பக்கம் தொங்கியது. உதவிக்கு வந்திருந்த தன் கணவரிடம், "எத்தன தடவ சொல்றது? பாத்து வைக்க மாட்டீங்களா?" என்று சீறினாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவரோ, "காடியில ஏத்துறப்ப நான்தான் நசுக்கிட்டேன் போல. சாரி லா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

செய்யாத தப்புக்கு அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கிறார். செய்த நானோ பட்டுச்சேலையில் முன்வரிசையில் நிற்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகுமே என்று தயங்கினேன். எப்படியோ இறங்கிப் போய், "அவரத் திட்டாதம்மா. மழைக்கு நான்தான் புடிச்சிக்கிட்டுப் போனேன். ஒடச்சதும் நான்தான்" என்றேன்.

"ஐயையோ, அப்ப நான் கேமரா குடையிலயா வந்தேன்?" என்றார் சம்பந்தியம்மா. மண்டபமே சிரித்தது.

"மலிவு சாமான்தான் ஆண்ட்டி, விடுங்க லா" என்றாள் அந்தப் பெண். நான் விடவில்லை. முதலில் அவள் கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, குடைக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டு, அண்ணனின் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். ஒரு முனையை அவள் கணவரும் மறுமுனையை நானும் விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தோம். கை வலித்தாலும் மனசு லேசாக இருந்தது. அடுத்த வாரமே புதுக் குடை வாங்கி, லோபாக்குக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தக் குடும்பப் படம் இன்று அண்ணன் வீட்டுச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. அதில் நான் இல்லை. ஆனால் அதிலிருக்கும் அத்தனை பேரும் சிரிப்பது என்னைப் பார்த்துத்தான். தப்பை ஒப்புக்கொள்ளத் தயங்கும் போதெல்லாம், அந்தச் சிரிப்பில் ஒரு முகம்கூட என்னை இளக்காரமாகப் பார்க்கவில்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன்.