நீலப் பெட்ரோல்

சென்ற வாரம் என் பழைய ஸ்கூட்டர் நின்றுபோனது. மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்து, ஊறிப் பருத்த ரப்பர் வளையத்தைக் கையில் கொடுத்தார்.

"இப்ப வர்ற பெட்ரோலுக்கு இது தாங்காதுண்ணா."

அதன் பெட்ரோல் வாசனையில் திருமுடிவாக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு அங்கே ரப்பர் பட்டறையில் வேலை. முதலாளி டேனியல் சார்.

உலகப் போரில் பறந்த சண்டை விமானம் ஒன்றை மறுபடி பறக்கவைக்கிறார்கள், எஞ்சினுக்கு வளையங்கள் வேண்டும் என்று ஒரு விமானி வந்தார். போரின்போதே வேகம் கூட்டப் புதுப் பெட்ரோலுக்கு மாறினார்களாம். அதற்காக எஞ்சினில் பல பாகங்களை மாற்றினார்களாம்.

"இப்ப அந்தப் பெட்ரோல் கிடையாது. கிடைக்கிறதுக்கு ஏத்த மாதிரி மறுபடி மாத்துறோம். வளையம் ஊதிச்சுன்னா மேலயே எஞ்சின் நின்னுடும்" என்றார். ஓட்டப்போவது அவரேதான். நான் தலையை ஆட்டினேன். பெரிய மனிதர்களிடம் எனக்கு வாய் வராது.

சோதனைக்கு ஒரு கேன் விமானப் பெட்ரோல் தந்தார். நல்ல நீலம். எவர்சில்வர் டப்பாவில் அதை ஊற்றி, வளையங்களை ஒரு வாரம் ஊறப்போட்டோம். துளியும் பருக்கவில்லை. விமானிக்குச் சொல்ல டேனியல் சார் சந்தோஷமாக போனை எடுத்தார். நான் டப்பாவைக் கவிழ்த்தேன். பெட்ரோல் வடிந்ததும், அடியிலிருந்து நீலத் தண்ணீர் தனியாக உருண்டு வந்தது. விமானப் பெட்ரோலின் நீலம் அதிலேயே கரைந்திருக்கும், இப்படிப் பிரியாது.

"சார், போன் பண்ணாதீங்க!"

என் குரலா என்று எனக்கே சந்தேகம். டேனியல் சார் வந்து பார்த்தார். பிறகு என்னோடு வேலை பார்த்த முரளியைப் பார்த்தார். அவன் முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பெட்ரோல என் வண்டில ஊத்திப் பாத்தேன் சார். பம்மல் வரைக்கும் பிச்சிகினு போச்சு. கேன்ல பங்க் பெட்ரோல ரொப்பி, சொட்டு நீலம் உட்டேன்."

"அந்த மனுஷன் இத நம்பி மேல போறாருடா!" என்று கத்தினார் டேனியல் சார்.

சொட்டு நீலத்தில் வேட்டி வெளுக்கும், விமானம் பறக்குமா? அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டேனியல் சார் விமானியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, வேறு கேன் வாங்கினார். அதில் ஊறிய வளையங்கள் பருத்தன. ரப்பர் கலவையை மாற்றிப் புதிதாகச் செய்தோம்; அவை பருக்கவில்லை.

தாம்பரத்துக்கு மேல் விமானம் பறந்த அன்று நாங்கள் மூவரும் போய் நின்றோம். முரளி மட்டும் நிமிரவே இல்லை.

"போய்ட்டாரா?"

"சுத்துறாருடா."

"எறங்குனதும் சொல்லு மச்சான்."

இறங்கியதும் சொன்னேன். அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். டேனியல் சார் இல்லை. முரளி எங்கே என்று தெரியவில்லை. விமானத்தை எங்கோ காட்சிக்கு நிறுத்திவிட்டார்களாம். டாங்கில் பெட்ரோலே கிடையாதாம்.