பாதித் தலை

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, தலையில் ஒரு பக்கம் வரிவரியான பின்னலும் மறுபக்கம் புதருமாக நியாங்காசி, அபோண்டியின் தலை பின்னும் கடையை விட்டு வெளியேறினாள். துணியை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு, கிசுமு நகரின் கொண்டேலே சந்தைக்குள் விறுவிறுவென்று நடந்து, ஹோமா பே போகும் வேனில் ஏறிவிட்டாள். அபோண்டி சீப்பும் கையுமாக நின்றாள்.

அந்தப் பேட்டையின் இளைஞர் குழுவில், ஆளாளுக்குத் தம் பிழைப்போடு சேர்த்தே ஊரின் ஆரோக்கியத்தையும் கவனித்துக்கொள்வார்கள். குழுத் தலைவன் ஒடெரோ தன் பைக் டாக்சியில் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவான். அதே குழுவில் இருந்த அபோண்டிக்கு அதற்கு உதவியது அவள் கடை நாற்காலி. பின்னிக்கொள்ள உட்கார்ந்தவள் பாதியில் ஓட முடியாது. அதற்குள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி எப்பேர்ப்பட்டவள் காதிலும் போட்டுவிடலாம்.

நியாங்காசி மீன் விற்கிறவள். வாய் ஓயாது. அபோண்டி கடை போட்ட அன்று, யாரும் வராத கடைக்குள் வந்து முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தவள். சில மாதமாக நடுநடுவே ரத்தம் படுகிறது என்பதையும் அவளேதான் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆஸ்பத்திரி நாலு கடை தள்ளித்தானேக்கா இருக்கு? ஒரு எட்டு போயிட்டு வாயேன்."

"அங்க இருக்கற நர்ஸு எங்கிட்டதான் மீன் வாங்குறா. நாளைக்கு அவ முகத்துல எப்படிடி முழிப்பேன்? நீ பேசாம பின்னு."

வரும்போதெல்லாம் இதே பதில். அந்தச் சனிக்கிழமை அபோண்டிக்குப் பொறுக்கவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள்.

"முதல்ல போய்க் காட்டிட்டு வா. மீதியை அப்புறம் பின்றேன்."

"விளையாடாதடி."

"விளையாடல."

"இந்தத் தலையோட போய் உக்காந்தா, கூடையில இருக்கற மீனே சிரிக்கும்டி!"

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அபோண்டி சீப்பை எடுக்கவில்லை. சிரிப்பு நின்றது. நியாங்காசி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் குழுக் கூட்டத்தில் ஒடெரோ தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆளுங்களைக் கூப்பிடத்தான் சொன்னேன், கட்டிப்போடவா சொன்னேன்? இனிமே உன் கடைக்கு எவ வருவா?"

"கடை கிடக்கட்டும்டா. அவ ஆஸ்பத்திரி பக்கமே போகாம இருந்துட்டா?"



மீன் கூடை இருந்த இடத்தில் வேறொருத்தி தக்காளி பரப்பினாள். நியாங்காசி ஹோமா பேயில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அபோண்டி கூப்பிட்டால் ஒரே மணியில் போன் கட்டாகும். கடைக்கு வருகிறவர்கள் உட்காரும் முன்பே, "முழுசா முடிச்சுத்தானே அனுப்புவ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அபோண்டியும் சிரித்தாள். பரிசோதனையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. சீப்பைத்தான் அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் போனில் செய்தி வந்தது.

"வந்த வாரமே இங்க காட்டிட்டேன். இந்த ஊர்ல எவளும் எங்கிட்ட மீன் வாங்கறதில்ல பாரு. சின்னப் புண்ணுதானாம், சுட்டு எடுத்துட்டாங்க. நேத்து திரும்பப் பாத்து, எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. உன் மேல கோபம் இன்னும் போகல. சனிக்கிழமை வர்றேன், என் தலையை முழுசா பின்னி விடு. தங்கச்சியும் கூட வர்றா. ஆஸ்பத்திரின்னாலே ஓடி ஒளியிறா. அவளுக்குப் பாதி போதும்."