சைனப் அளந்த கதவுகள்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் மணப்பெண்ணைப் பார்க்கப் போவார்கள். சைனப் கழிப்பறையைப் பார்க்கப் போவார். கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துக் கதவின் அகலத்தை அளப்பார். வாசலில் படி இருக்கிறதா, உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட்டா, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று பார்ப்பார். பிறகு ஓரமாக நின்று வாட்ஸப்பில் தனக்குத்தானே ஒரு செய்தி அனுப்பிக்கொள்வார்: "கதவு இருபத்தெட்டு இஞ்ச். வீல்சேர் போகும். தரை வழுக்குது." அப்புறம்தான் பிரியாணி.

மதுரை தெற்குவாசல் பக்கம் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறார். உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவார். வாடிக்கைக்காரப் பெண்கள் வெளியூர் போய்வந்தால், ஊர் எப்படி இருந்தது என்று கேட்கமாட்டார். "வழியில எங்கன நிப்பாட்டுனீக? பாத்ரூம் எப்புடி?" அந்தப் பதிலும் போனுக்குள் போய்விடும்.

எல்லாம் தங்கை நாஸியாவுக்காக. பைக் விபத்துக்குப் பிறகு அவர் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வீட்டிலிருந்தபடியே இரண்டு கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கிறார். ஒருமுறை கொடைக்கானல் போகும் வழியில், படி வைத்த கழிப்பறை வாசலில், முகம் தெரியாத நான்கு ஆண்கள் அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். அன்றோடு பயணம் முடிந்தது. "என்னைய மூட்டை மாதிரித் தூக்குனது போதும்க்கா. இனி எங்கயும் நான் வரலை."

போன மாதம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த நாஸியா, "கடல் வாசமே மறந்துபோச்சு" என்றார். அவ்வளவுதான். சைனப் அன்றைக்கே போனில் ஏஐயிடம் கேட்டார்: வீல்சேரோடு கடலுக்குப் போய்வர ஒரு திட்டம் வேண்டும். அது படகு சவாரி, கலங்கரை விளக்கம் என்று அழகாக அடுக்கியது.

"இது எவளோ ஓடியாடித் திரியிறவளுக்குப் போட்ட பிளான்" என்று முகத்தைச் சுளித்தார் சைனப். சற்று யோசித்துவிட்டு, "அதுக்கு நாஸியாவத் தெரியாதுல்ல? நாமதான சொல்லணும்?" என்றார்.

சேர்த்து வைத்திருந்த செய்திகளை எல்லாம் அள்ளி அதில் போட்டார். கூடவே எழுதினார்: நாற்காலி இருபத்தைந்து இஞ்ச் அகலம், ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அவளுக்கு இடுப்பு வலிக்கும், யாரும் தூக்கக் கூடாது. தங்கையின் பெயரை மட்டும் எழுதவில்லை. "பேரு எதுக்கு அதுக்கு?"

இந்த முறை பதில் வேறாக வந்தது. தூத்துக்குடி. அருப்புக்கோட்டை தாண்டி, சைனப் குறித்து வைத்திருந்த பெட்ரோல் பங்கில் முதல் நிறுத்தம். வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரை. சாப்பிட ஓர் ஓட்டலைச் சொல்லிவிட்டு, அங்கே படி உண்டா என்று தனக்குத் தெரியாது, போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள் என்றது. சைனப்புக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடித்தது. "தெரியலைன்னா தெரியலைங்குது பாரு. ஒங்க மச்சான் ஒருநாளாச்சும் அப்புடிச் சொல்லியிருக்காரா?" என்று தங்கையிடம் தன் கணவர் யூனுஸைக் காட்டிக் கேட்டார். போன் செய்ததில் அந்த ஓட்டலுக்குப் படிகள் இருப்பது தெரிந்தது. வேறு ஓட்டல் பார்த்தார்கள்.

"முடியலைன்னா வண்டியத் திருப்பிரணும்" என்ற நிபந்தனையோடுதான் நாஸியா காரில் ஏறினார். பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அவர் முகம் இருண்டது. "நான்தான் சொன்னேன்லக்கா..." என்று தொடங்குவதற்குள், "சாவி கேஷியர்கிட்ட இருக்கும். எழுதியிருக்கேன்" என்று சைனப் நடந்துவிட்டார். சாவி அங்கேதான் இருந்தது. நாஸியா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். தானே வெளியே வந்தார்.

கடற்கரையில் நாற்காலி மணலுக்குள் இறங்கவில்லை. சிமெண்ட் பாதையின் விளிம்பிலேயே நிறுத்தினார்கள். உப்புக்காற்று அங்கேயும் வந்தது. வெளியே கிளம்பினால், கழிப்பறைக்குப் பயந்து, தொண்டை வறண்டாலும் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடாத நாஸியா, பக்கத்துக் கடையிலிருந்து வந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா, இன்னொன்னு சொல்லு" என்றார்.

சைனப் கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்.