சும்மா இருந்தவள்

முப்பது வருடமாக ஆறு பேருக்குச் சமைத்து, பெருக்கி, துவைத்துப் போட்டவளுக்கு விடாத இருமல். ஆஸ்பெஸ்டாஸ் தகடு அறுக்கும் கணவன் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"வேலைக்கெல்லாம் போகலைங்க. வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

நுரையீரல் உறையில் புற்றுநோய் என்றது ரிப்போர்ட். தகட்டுத் தூசி ஊசிபோல உள்ளே தைத்துக் கரையாமல் கிடக்கும், வருடக்கணக்கில் செல்களைப் புண்ணாக்கி மரபணுவைச் சிதைக்கும், புற்று அப்படித்தான் கிளம்பியிருக்கும் என்று, கணவனின் வேலையைக் கேட்டறிந்த டாக்டர் விளக்கினார்.

"தூசியில நிக்கிறவன் நாந்தானே? எனக்கு ஒண்ணுமில்லையே!" என்றான் கணவன்.

"உங்க சட்டையை யாரு துவைக்கிறது?"

"நாந்தான்," என்று முந்திக்கொண்டாள் அவள், சற்றுப் பெருமையாகவே. "நல்லா நாலு உதறு உதறிட்டுத்தான் ஊற வெப்பேன்."