இன்னைக்கு என்னங்க கறி?

மழை பெய்தால் செத்துப்போகும் எங்கள் இரத்தோட்டைத் தேயிலைத் தோட்ட ஆபீஸ் டெலிபோன்களைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கோடு இணைக்க, மாத்தளையிலிருந்து ஒருவர் வந்தார். தொப்பை சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டும். காதில் பென்சில்போல ஒரு ஸ்குரூடிரைவர். போனைச் சோதிக்கும்போது அவர் ஹலோ சொல்லமாட்டார்.

"இன்னைக்கு என்னங்க கறி?" என்றுதான் கேட்பார்.

கடைசியாக, மேட்டிலிருந்த ஃபேக்டரிக்கு ஸ்பீக்கரில் போட்டு போன் அடித்தார். பழைய லைனில் கத்தியே பழகியவர், ஃபேக்டரியை நடத்தும் எங்கள் டீமேக்கர். "பலாக்காய்!" என்று அவர் போட்ட சத்தம் ஜன்னல் வழியாகவும் வந்தது.

"மெதுவா சொல்லுங்கய்யா. போன்ல வருதா, காத்துல வருதான்னு தெரியல."

டீமேக்கர் குசுகுசுத்தார். "பலாக்காய்ங்க. கருவாடும் இருக்கு."

தெளிவாகக் கேட்டது. ஆபீஸே கைதட்டியது. மாத்தளைக்காரரோ அதற்குள் ஃபேக்டரிப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்கங்க போறீங்க?" என்றேன்.

"லைன் சரிங்க. கறியும் சரியான்னு பாக்கணும்ல?"

இப்போதும் புது போன் எதைக் கையில் எடுத்தாலும் எனக்கு ஹலோ வருவதில்லை.