கூட்டலில் குறைந்த துண்டு

எண்பதுகளில் சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். விடுமுறைக்கு நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் ஒரு புகைப்படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். வளையம் போன்ற பிளாஸ்மிட் டி.என்.ஏ.வை நொதி வெட்டிய துண்டுகள், நீளவாரியாகப் பிரிந்து அதில் மூன்று கோடுகளாகத் தெரிந்தன. நீளங்களைக் கூட்டினால் முழு வளையத்தின் நீளம் வரவில்லை.

"ரெண்டு நாளா அதையே பாத்துகினு இருக்கியே, என்னடி?" என்றாள் அம்மா. விவரம் சொன்னேன்.

"ஒரே நீளத்துல ரெண்டு துண்டு இருந்தா?"

"ஒரே கோடாத்தான் தெரியும்மா" என்று சொல்லிக்கொண்டே நிறுத்தினேன். நீளமான துண்டின் கோடுதான் அதிகம் பளிச்சிட வேண்டும்; ஆனால் நடுக்கோடு, மேலே இருந்த நீளத் துண்டின் கோட்டைவிடப் பளிச்சென்றிருந்தது. அதன் நீளத்தை மட்டும் இரண்டு முறை சேர்த்துக் கூட்டினேன். சரியாக வந்தது.

"அம்மா, நீ சொன்னதுதான்!"

"நான் எங்கடி சொன்னேன்? கேட்டேன்" என்று சிரித்தாள்.

சென்னை திரும்பியதும் இன்னொரு நொதியையும் சேர்த்து வெட்டினேன். அந்தக் கோட்டிலிருந்த ஒரு துண்டு மட்டும் உடைந்தது. மற்றது அங்கேயே நின்றது.